தொடாதே சாரின் கண்ணாடிக் குழாய்

உலகத்தில் 'பத்திரக்காரர்' என்றொரு இனம் உண்டு. பொருளைத் துடைப்பார், பொத்தி வைப்பார், பூட்டுவார். பயன்படுத்த மட்டும் மாட்டார். கேட்டால், "கெட்டுப்போயிடும்" என்பார். சும்மா கிடந்தே கெட்டுப்போனவற்றைப் பற்றி மூச்சு விட மாட்டார்.

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகப் பொறுப்பாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்த பெயர் 'தொடாதே சார்'. அவருடைய அலமாரியில், பஞ்சுப் படுக்கையில், ஒரு பழங்காலக் கண்ணாடிக் குழாய் சொகுசாகப் படுத்திருந்தது. உள்ளே இருந்த காற்றைக் கொஞ்சமே கொஞ்சம் விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் உறிஞ்சி அடைத்த குழாய். இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுத்தால் அந்தக் கொஞ்சக் காற்று ரோஜா நிறத்தில் ஒளிரும் என்று, ஏதோ நேற்றுத்தான் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி, வருஷா வருஷம் கண்ணை மூடிக்கொண்டு வர்ணிப்பார். ஒருதடவை ஏற்றிக் காட்டச் சொன்னால்?

"தள்ளி நில்லுப்பா. மூச்சு படுது."

அவரும் அது ஒளிர்ந்து பார்த்ததில்லை. இது அவருக்கும் அலமாரிக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

ஓய்வு பெறும் நாள் வந்தது. சாயங்காலம் சாவியை ஒப்படைத்துவிட்டால் அப்புறம் அவரே வெளியாள். மத்தியானம் முழுக்கச் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தவர், அழைத்துப்போக வந்த மனைவியையும் மகளையும் பார்த்ததும் துணிந்தார். கதவைச் சாத்தினார். குழாயைத் தாங்கியில் பொருத்தி, கம்பி கோர்த்து, மின்சாரச் சுருளை முடுக்கினார். 'சர்ர்ர்' என்று சத்தம் வந்தது. வெளிச்சம்தான் வரவில்லை.

"போச்சு. செத்துப்போச்சு."

"பட்டப்பகல்ல, லைட்டையும் போட்டுவெச்சுட்டு, என்னப்பா தெரியும்? திரையை இழுத்து விடவா?"

"ஐயோ வேண்டாம்மா! இருட்டுல யாராவது இடிச்சுட்டா?"

"வீட்டுல சோபாவோட பிளாஸ்டிக் உறையை இன்னும் கழட்டவிடல இந்த மனுஷன்," என்ற மனைவி சட்டென்று நிறுத்தினார். "ஏங்க, நீங்களே இதைப் பாத்தது இல்லையா?"

அவர் அலமாரியைப் பார்த்தார். மகள் திரையை இழுத்தாள். மனைவி விளக்கை அணைத்தார்.

குழாயின் நெளிவெல்லாம் ரோஜா நிறம் நிரம்பி மெல்ல நடுங்கியது.

"அம்மா, அப்பா சொன்ன அதே கலரு!"

தொடாதே சார் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. பிறகு ஆயுசிலேயே முதல்முறையாக, "கிட்ட வாங்க ரெண்டு பேரும். இன்னும் கிட்ட," என்றார்.

எங்களுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சாவித்துவாரம் வேறு எதற்கு இருக்கிறது? கதவைத் தடதடவென்று தட்டிவிட்டு ஓடலாம் என்றுதான் போனோம். ஏனோ, தட்டவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆமாம், விருந்தாளிக்கென்று மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறீர்களே, அந்தப் பூப்போட்ட கோப்பைகள், அதில் நீங்கள் எப்போது குடித்தீர்கள்?