என் விரலுக்கு அடித்த கெட்டி மேளம்

நடந்தது இவ்வளவுதான்:

1. யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காகவே பேஸ் கிடாரைத் தேர்ந்தெடுத்தேன்.
2. அதை ஒரு கல்யாணத்தில் வாசித்தேன். ஒருவருக்கும் கேட்கவில்லை.
3. கேட்கவைப்பதற்காக ஒரு விரலைத் தூக்கினேன்.
4. மாப்பிள்ளை மேடைக்கு வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது.

இதில் நான்காவதற்கு நான் பொறுப்பில்லை என்று இரண்டு வருஷம் வாதாடிப் பார்த்தேன். யாரும் ஒப்புக்கொள்வதாக இல்லை. அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எலெக்ட்ரிகல் டிப்ளமா முடித்துவிட்டு அரியமங்கலத்தில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் பட்டறை ஒன்றில் சோதனைப் பிரிவில் சேர்ந்திருந்தேன். சோதனைப் பிரிவு என்றால் நானும் ஒரு மேஜையும் இரண்டு மீட்டரும். அங்கே வரைபடம் போடும் சோமு அக்கார்டியன் வாசிப்பார். கணக்குப் பிரிவு காசிம் பாய் பாங்கோ தட்டுவார். இரண்டு பேரும் சாப்பாட்டு இடைவேளையில் சினிமா மெட்டுகளை வாசித்து, அதற்கு 'பார்ட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்றாவது ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள்.

எனக்கும் ஆசைதான். ஆனால் நான் எதையும் பட்டியல் போடாமல் தொடுவதில்லை. சோதனைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:

வீணை: சின்ன வயதில் மூன்று வருஷம் கற்றது. மூன்றாவது வருஷ முடிவில் பாட்டு வாத்தியார் அம்மாவிடம், "குழந்தைக்குக் கணக்கு நல்லா வரும்மா" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். வேண்டாம்.

வயலின்: ஒரு தப்பு வந்தாலும் தெரு முழுக்கத் தெரியும். வேண்டாம்.

ஆர்மோனியம்: அக்கார்டியனோடு சண்டை போடும். வேண்டாம்.

பட்டியல் இந்த நிலையில் இருந்தபோதுதான் ஸ்டான்லி அங்கிள் வந்தார். பொன்மலை ரயில்வே காலனிக்காரர், ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காலனி டான்ஸ்களில் இருபது வருஷமாக வாசித்துவருபவர். கல்கத்தாவில் கப்பல் வேலையிலிருந்த மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த பேஸ் கிடாரும், அதற்கான ஆம்ப்ளிஃபயரும் அவரிடம் இருந்தன. ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோய் எங்கள் பட்டறைக்கு வந்தது. புதிதாகச் சுற்றிக் கொடுத்தோம். சோதித்துப் பார்க்கும்போது, "அந்தத் தடிச்ச தந்தியைச் சும்மா ஒரு தட்டு தட்டும்மா" என்றார். தட்டினேன். மேஜையிலிருந்த திருகாணிகள் எல்லாம் நடுங்கின. சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் உள்ளங்காலில் ஏறியது.

அன்றே பட்டியலை முடித்தேன். பேஸ் கிடார்: நாலே தந்தி. ஒரு நேரத்தில் ஒரே சுரம். வாசிப்பவரை யாரும் பார்ப்பதில்லை. (இந்தக் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். குறிப்பேடு இன்னும் இருக்கிறது.)

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் பொன்மலைக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது என்று அம்மாவும் ஸ்ரீரங்கத்திலிருந்து கூடவே பஸ் ஏறி வந்தாள். முதல் நாள் பாதி நேரம் கேட்டுவிட்டு, "ஏண்டி, பாட்டே காணோமே?" என்றாள்.

"பாட்டை மத்தவங்க வாசிப்பாங்கம்மா. இது அடியில இருக்கும்."

"அப்ப நீ வாசிக்கறது வெளியே தெரியாதா?"

"தெரியாது."

"அப்படின்னா கத்துக்கோ" என்று அனுமதி கொடுத்தாள். ஸ்டான்லி அங்கிளின் மனைவி கொடுத்த கேக்கை முட்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டு இரண்டு துண்டு சாப்பிட்டாள். (முட்டை இருந்தது. இதை இங்கேதான் முதல் முறையாகச் சொல்கிறேன்.)

நாலு மாதம் கழித்து ஸ்டான்லி அங்கிள் ஒரு செய்தி சொன்னார். மகள் ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டிருக்கிறாள்; அவரும் மனைவியும் கிளம்புகிறார்கள். மெட்ராஸிலிருக்கும் மைத்துனர் மகன் கிடாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"அவன்கிட்ட கொடுக்கறதா, உன்கிட்ட விட்டுட்டுப் போறதான்னு இன்னும் முடிவு பண்ணலை" என்றார். "ரூமுக்குள்ள உக்காந்து வாசிக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. ஒரு ஃபங்ஷன்ல நீ வாசிக்கறதைக் கேக்கணும். அப்புறம் சொல்றேன்."

அந்தக் கிடாரைத் தவிர இன்னொரு பேஸ் கிடாரை நான் திருச்சியில் கண்ணால் பார்த்ததில்லை. அது மெட்ராஸுக்குப் போனால் என் சங்கீதமும் அதோடு போகும். ஆகவே சோமு தன் தங்கை கல்யாணத்தில் நாங்கள் வாசிக்கவேண்டும் என்றபோது உடனே சரி என்றேன். அவர்கள் மருங்காபுரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மாப்பிள்ளை வீட்டார் வசதிக்காகக் கல்யாணம் ஸ்ரீரங்கத்தில், ஒரு சத்திரத்தில். காலையில் முகூர்த்தத்துக்கு முன்னால், ஜனங்கள் வந்து உட்காரும் நேரத்தில், எங்கள் பார்ட்டி.

முந்திய வாரம் முழுவதும் ஏற்பாடு செய்தேன். மைக் செட் மணி அண்ணனின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கிடாரை அதிலேயே நேராகச் சொருகலாம் என்று கணக்குப் போட்டு, அதற்கான ஒயரை நானே பற்றவைத்தேன். அளந்து பார்த்தேன்; எல்லாம் சரியாக இருந்தது. ஆகவே ஸ்டான்லி அங்கிள் கிடாரோடு இரவல் கொடுத்தனுப்பியிருந்த ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை என்று முடிவு செய்து எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டேன். தூக்கிப்போகும் சாமான்களில் ஒன்று குறைந்தது.

கல்யாணத்தன்று காலை, முதல் பாட்டின் நாலாவது அடியில்தான், நான் அளக்காமல் விட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. சத்திரத்து வாசலிலும் கூடத்திலும் மணி அண்ணன் கட்டியிருந்தது குழாய் ஸ்பீக்கர். அந்தக் குழாயில் அக்கார்டியன் வரும், பாங்கோ வரும், 'வண்டியை வழியிலேர்ந்து எடுங்க' என்ற அறிவிப்பு வரும். பேஸ் கிடாரின் தாழ்ந்த சுரம் அதற்குள் நுழையவே நுழையாது. இது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

மூன்றாவது வரிசையில் பழுப்புக் கோட்டும் மடியில் தொப்பியுமாக ஸ்டான்லி அங்கிள் உட்கார்ந்திருந்தார். யாரோ அவர் கையிலும் அட்சதை கொடுத்திருந்தார்கள். அதை ஒரு கையில் மூடிக்கொண்டு, இன்னொரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார். பிறகு தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார்.

 சத்தத்தைக் கூட்டினால் கொஞ்சமாவது வராதா என்று தோன்றியது. மணி அண்ணன் கூடத்தின் எதிர்க் கோடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் கேட்காது. இடது கை கிடாரின் கழுத்தைவிட்டு வரமுடியாது. இரண்டு அடிக்கு நடுவில் வலது கை ஒரு நொடி சும்மா இருக்கும். அந்த நொடியில் ஆள்காட்டி விரலைத் தூக்கி, 'கூட்டுங்க, கூட்டுங்க' என்று ஆட்டினேன்.

எனக்கும் மணி அண்ணனுக்கும் நேர்க்கோட்டில் மேளக்காரர்கள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தாலி கட்டும் நேரத்தில் ஐயர் விரலை ஆட்டினால் கெட்டி மேளம் அடிக்கவேண்டும். பிறந்ததிலிருந்து நூறு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். அந்தத் தவில்காரரோ ஆயிரம் கல்யாணத்தில் அடித்திருப்பார். விரல் யாருடையது என்று விசாரிப்பது அவர் வேலை இல்லை. காப்பி டம்ளர் ஒரு பக்கம் உருண்டது, தவில் இடித்தது. நாதஸ்வரக்காரர் வாயிலிருந்த காப்பியை விழுங்கினாரா துப்பினாரா தெரியாது, அவரும் சேர்ந்துகொண்டார். கூடம் முழுக்க எழுந்து நின்று அட்சதையை வீசியது. பின்வரிசையில் இரண்டு அம்மாக்கள் முறைப்படி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மேடையில் இருந்தது ஐயர் ஒருவர்தான். குனிந்து தேங்காயை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். இருநூறு பேரின் ஆசீர்வாதமும் அவர் முதுகில் விழுந்தது.

பக்கத்து அறையிலிருந்து மாப்பிள்ளை ஒரு கையில் வேட்டியைப் பிடித்தபடி ஓடிவந்து, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"யாரு கட்டுனது?" என்று கேட்டார் சோமுவின் அப்பா.

இத்தனைக்கும் நடுவில் நான் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் கல்யாணம் நடந்துவிட்டால் என்ன செய்வது என்று என் பட்டியலில் எழுதியிருக்கவில்லை. எழுதாததால் நிறுத்தத் தெரியவில்லை. சோமு வந்து தோளுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"என்னங்க பண்ணீங்க?"

"சத்தத்தைக் கூட்டச் சொன்னேன்."

"கூட்டிட்டாங்கல்ல?" என்றார் காசிம் பாய், பாங்கோவிலிருந்து அரிசியைத் தட்டிக்கொண்டே.

சோமுவின் அப்பா தவில்காரரைப் பிடித்துக்கொண்டார். அவர் நேராக என்னைக் காட்டினார். கூடம் முழுக்கத் திரும்பியது. யார் கண்ணிலும் படாத வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

அடுத்த பிரச்சினை, முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கிறது, ஒருவர் கையிலும் அட்சதை இல்லை. ஸ்டான்லி அங்கிள் ஒருவர்தான் தன்னுடையதை வீசாமல் வைத்திருந்தார். (எப்போது வீசவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.) கல்யாணத்துக்கும் கூடவே வந்திருந்த அம்மா என் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்துப்போனாள்.

"வெளியே தெரியாதுன்னு சொன்னியே?" என்று மட்டும் கேட்டாள். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு மரக்கால் அரிசியில் மஞ்சள் பிசைந்தோம். நான் முழங்கை வரை மஞ்சளாகி, தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து உட்கார்ந்தார்கள். நான் கிடாருக்குப் பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளை தாலியை இரண்டு கையிலும் எடுத்தார். ஐயர் விரலை ஆட்டினார்.

மேளம் வரவில்லை.

ஐயர் இன்னொரு முறை ஆட்டினார். தவில்காரர் குச்சியைப் பிடித்துக்கொண்டு, ஐயரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். சோமுவின் அப்பா அவரை அவ்வளவு திட்டியிருந்தார். கண்ணாலேயே கேட்டார்: இது நிஜமா?

ஐயர் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பெண்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது. வேறு வழியில்லாமல், மஞ்சள் பூசிய விரலைத் தூக்கி ஆட்டினேன்.

கெட்டி மேளம் இடித்தது.

சாப்பாடு முடிந்ததும் கிடாரைத் துடைத்து, பையில் போட்டு, ஸ்டான்லி அங்கிளிடம் எடுத்துக்கொண்டு போனேன். திருப்பிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானம் செய்திருந்தேன்.

"ஒரு சுரம்கூடக் கேக்கலை" என்றார்.

"குழாய் ஸ்பீக்கர், அங்கிள். அதுல வராது."

"அது எனக்குத் தெரியும். ஆம்ப்ளிஃபயர் எங்கே?"

"வீட்டுல."

"நல்ல எடம்." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "மேளம் அடிச்சு, எல்லாரும் எழுந்து, அரிசி பறந்து, மாப்பிள்ளை வேட்டியோட ஓடிவந்தப்ப நீ என்ன பண்ணே?"

"வாசிச்சேன். நிறுத்தத் தெரியலை."

"உன் கையைத்தான் பாத்துட்டிருந்தேன். ஒரு அடிகூடத் தப்பலை. அக்கார்டியன் நின்னுபோச்சு, அந்த பாங்கோ பாய் நின்னுட்டாரு. எங்க காலனி டான்ஸ்ல ஒரு தடவை ரெண்டு பேர் நாற்காலியால அடிச்சுக்கிட்டாங்க. அப்ப நான் இதைத்தான் பண்ணேன்." பையை வாங்காமல் என் பக்கமே தள்ளினார். "மெட்ராஸ்காரனுக்கு லெட்டர் போட்டுடறேன்." கையில் மிச்சமிருந்த அட்சதையை என்ன செய்வது என்று தெரியாமல் என் தலையில் போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

சோமுவின் தங்கைக்கு இப்போது இரண்டு குழந்தைகள். நான் அவள் வீட்டுக்குப் போனால் பெரியவனிடம், "இவங்கதான் எங்களுக்குக் கல்யாணம் பண்ணிவச்சவங்க" என்று அறிமுகம் செய்கிறாள். மாப்பிள்ளை, "ரெண்டு தடவை" என்று சேர்த்துக்கொள்கிறார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், முகூர்த்த நேரம் நெருங்கியதும் அம்மா என் வலது கையில் எதையாவது கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள். போன மாதம் ஒரு சொம்புத் தண்ணீர்.

கிடார் என்னிடம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் அதை எங்கேயும் எடுத்துப்போவதில்லை. முகூர்த்தத்துக்கு வாசிப்பதில்லை, சாயங்கால வரவேற்புக்கு மட்டும் வாசிக்கிறேன்.