மேல் வீட்டுத் தாத்தாவைச் சிரிக்க வைப்பது பற்றி

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் இடுப்பில் தைலம் தடவிக்கொண்டு குப்புறப் படுத்தபடி அப்படி எழுதக் கை வரவில்லை. உன் உடம்பும் அத்தானின் உடம்பும் தேவலையாக இருக்கும் என்று நம்புகிறேன்.

போன மாதம் நீ போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "குழந்தைக்குன்னு ஒரு சின்ன இலக்கு இருக்கணும்டா. அதை அவளே சொல்லணும். சொன்னதுக்கப்புறம் நீ குறுக்க நிக்காதே" என்றாய். பள்ளிக்கூடத்து டீச்சரான நீயே சொல்கிறாயே என்று நானும் குட்டியைக் கேட்டேன். ஆறு வயசுப் பெண், ஷூ லேஸ் கட்டுவது, பாலை மிச்சம் வைக்காமல் குடிப்பது என்று ஏதாவது சொல்வாள் என்று இருந்தேன். அவள் நிதானமாக யோசித்துவிட்டு, "மேல் வீட்டுத் தாத்தாவைச் சிரிக்க வைக்கணும்" என்றாள். மேல் வீட்டுத் தாத்தா என்றால் எங்கள் வீட்டுக்காரர். குடிவந்த நாளிலிருந்து அந்த முகத்தில் சிரிப்பென்று ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு வாடகை ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

"வேற ஏதாவது சொல்லேன்மா" என்றேன். "நீங்க குறுக்க நிக்கக் கூடாதுன்னு அண்ணி சொன்னாங்களே" என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்து.

குட்டி முதலில் மாடிப்படியில் நின்று அவரைப் பார்த்து விதவிதமாக முகத்தைக் கோணினாள். அவர் என்னைக் கூப்பிட்டு, "குழந்தையை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டார். சரி, இந்த வழி சரிப்படாது என்று வேறு வழிக்குத் தாவினாள். ரெண்டு கையிலும் என் சாக்ஸை மாட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் காயப்போட்ட அவருடைய போர்வைக்குப் பின்னால் ஒளிந்திருந்து "பே" என்று குதித்தாள். அவர் கையிலிருந்த வாளி தவறி, படிப்படியாக உருண்டு, தண்ணீரோடு எங்கள் வாசலுக்கே வந்து சேர்ந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் அவசரமாக மேலே ஓட, ஈரப்படியில் கால் வழுக்கி, போன வேகத்திலேயே உட்கார்ந்தபடி கீழே வந்துவிட்டேன். ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிறவனுக்கு ஒரு மாடி ஏறி இறங்கத் தெரியவில்லை. அப்போது மேலேயிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்தால், அவர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போகிறார்.

"சிரிச்சிட்டார்ல, இதோட விட்டுடும்மா" என்றேன், வலியோடு. குட்டிக்கு அழுகை வந்துவிட்டது. "அது நீங்க விழுந்ததுக்குச் சிரிச்சது. நான் ஒண்ணுமே பண்ணலையே" என்கிறாள். விட்டுவிட மனசில்லை, வழியும் தெரியவில்லை, அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருக்கிறாள். பார்க்கப் பாவமாக இருந்ததால் நானே நொண்டிக்கொண்டு போய், "சார், குழந்தைக்காக ஒரு தடவை சிரிச்சிடுங்களேன்" என்று கேட்டேன். "ஒப்பந்தத்தைப் பத்தி ஞாயித்துக்கிழமை பேசணும்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா. சனிக்கிழமையே புறப்பட்டு வந்து, இந்த இலக்கை மாற்றிக்கொள்ளச் சொல்லி நீயே அவளிடம் பேசு. உன்னால் வந்த வினை, நீதான் தீர்க்க வேண்டும். அத்தானுக்கு என் வணக்கம். அவராவது யாருக்கும் யோசனை சொல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இடுப்பொடிந்த உன் தம்பி

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது மேலே பெரிய சத்தம் கேட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். குட்டி அவர் எதிரில் போய் உட்கார்ந்து, "ஏன் தாத்தா நீங்க சிரிக்கவே மாட்டேங்கிறீங்க?" என்று நேராகவே கேட்டிருக்கிறாள். எங்கள் ஒருவருக்கும் இது தோன்றவில்லை பார். "பல் செட் லூசா இருக்கும்மா, சிரிச்சா விழுந்துடும்" என்றாராம். "விழட்டும் தாத்தா, நான் பிடிச்சுக்கறேன்" என்று இவள் கையை ஏந்தினாளாம். நான் போனபோது மனுஷர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். பல் செட் இவள் உள்ளங்கையில். சந்தடி சாக்கில் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டேன். பல்லில்லாமல் அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. "நாம இங்கேயே இருக்கலாமாம்பா" என்றாள் குட்டி.

ஆகவே நீ வர வேண்டாம், மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. ஒரே ஒரு சங்கடம். "அப்பா, உங்க இலக்கு என்ன?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அக்கா. "பரவாயில்லை, யோசிங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை.