கப்பலில் இல்லாத சமையல்காரர்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை நலம், பிள்ளைகள் நலம், ஆறு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாய்கூட இப்போது நலம். நான்தான் நலமாக இல்லை. அங்கே நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு என்ன குறை வரப்போகிறது? வழக்கமாக ‘அன்புள்ள’ என்று தொடங்குவேன். இன்றைக்கும் கை அப்படித்தான் எழுதியது. அதை அடித்துவிட்டு ‘மதிப்புக்குரிய’ என்று போட்டிருக்கிறேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் தாளை மாற்றவில்லை.

உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் குற்றம் சாட்டுகிறவன் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். ‘நெடுவெளி’ விண்கலத் தொடர் வியாழக்கிழமை எட்டு மணிக்கு. நீரேற்று நிலையத்தில் எனக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் மாலை ஷிப்ட். மாலை ஷிப்டில் பம்ப் அறையில் நானும் இரண்டு மோட்டாரும் ஒரு ஃபோனும்தான். அரை மணிக்கு ஒருமுறை எழுந்துபோய்த் தண்ணீரின் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். டிவிக்கு அனுமதி கிடையாது. ஆகவே ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் என்னால் தொடரைப் பார்க்க முடியும். பார்க்க முடியாத வாரங்களில் எட்டே முக்காலுக்கு நீங்கள் ஃபோன் செய்து முழுக் கதையையும் சொல்வீர்கள். பத்தொன்பது வருடம்! நான் கேட்டேனா? நீங்களாகத்தான் ஆரம்பித்தீர்கள். “மாப்ள, நீங்க பம்பைப் பாருங்க, கதையை நான் பாத்துச் சொல்றேன்” என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இன்றைக்கு நான் தெருவில் தலைகாட்ட முடியாமல் இருக்கிறேன்.

இருபத்திரண்டு வருடம் நெடுவெளி ஒழுங்காக ஓடியது. கப்பல் ஒரு கிரகத்துக்குப் போகும், ஒரு சிக்கல் வரும், முக்கால் மணி நேரத்தில் அது தீரும், கேப்டன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு கிளம்புவார். ஒரு வாரம் தவறினால் குடிமுழுகிப் போகாது. இந்த வருடம் யாரோ அதிபுத்திசாலிகள் வந்து பத்து வாரத்துக்கும் சேர்த்து ஒரே கதை என்று அறிவித்தார்கள். அதைப் பேசித் தீர்க்கவே எங்கள் பகுதியில் நேயர் மன்றம் ஆரம்பித்தோம். ஆரம்பித்த அன்றே அது இரண்டாக உடைந்தது. தனிக்கதைக் கட்சிக்கு நான் தலைவன். தொடர்கதைக் கட்சிக்கு ஒரு பல் டாக்டர் அம்மாள். எந்தப் பகுதி எந்தத் தேதியில் வந்தது, அதில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பது வரை நோட்டுப் போட்டு எழுதி வைத்திருப்பவர்.

நான் ஏன் தொடர்கதையை எதிர்த்தேன்? கொள்கையாலா? இல்லை மச்சான், உங்களால். முதல் பகுதியில் எதிரித் தளபதி நம் கப்பலைச் சுற்றி வளைத்ததை என் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் பகுதியில், நீங்கள் சொன்னபடி, அவர் சூடான ரொட்டி வாசனையில் மனம் இளகி, நான்கு துண்டு வாங்கிச் சாப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். மூன்றாம் பகுதியில் பார்க்கிறேன், அதே ஆள் அதே இடத்தில் நின்று குண்டு போடுகிறார்! தின்ற ரொட்டிக்கு ஒரு நன்றி வேண்டாமா? நான்காம் பகுதியில் நீங்கள் சாகடித்த கப்பல் டாக்டர் ஐந்தாம் பகுதியில் ஊசி போடுகிறார். ஆறில் கேப்டனுக்குக் கல்யாணம் என்றீர்கள், ஏழில் அவர் “எனக்கென்று யார் இருக்கிறார்கள்?” என்று ஜன்னலோரம் நின்று அழுகிறார். எனக்கு ரத்தம் கொதித்தது. ‘போன வாரம் எழுதியது இந்த வாரம் ஞாபகமில்லாத கூட்டத்துக்குத் தொடர்கதை ஒரு கேடா?’ என்று கேட்டு, மூன்று முரண்பாடுகளையும் சிவப்பு மையில் எழுதி மன்றத்துப் பலகையில் ஒட்டினேன். எல்லோரும் படித்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், பெரிய மனிதர் சொன்னால் ஏதாவது உள்ளர்த்தம் இருக்கும் என்று போய்விட்டார்கள். பல் டாக்டர் அம்மாள் மட்டும் அதை அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. தட்டச்சுப் பயிற்சிக்கூடத்தின் மாடி, நாற்பத்தொரு பேர். பழையபடி வாரம் ஒரு கதை வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு மனுப் போடலாமா என்பது கேள்வி. என் பக்கம் பதினெட்டு, அந்தம்மாள் பக்கம் பதினெட்டு, மதில்மேல் ஐந்து பேர். அந்த ஐவரையும் இழுக்க நான் எழுந்து, ஆறு வருடத்துக்கு முன் நீங்கள் ஃபோனில் சொன்ன சமையல்காரர் கதையைச் சொன்னேன். எங்கோ ஒரு மூலையில் சின்னக் கிரகம், போகிற வருகிற கப்பல்களுக்கு விளக்குக் காட்ட அங்கே ஒரே ஒரு பெண்மணி. ஒன்பது வருடமாக அவரோடு உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை. கப்பல் உடனே கிளம்ப வேண்டும். கப்பலின் சமையல்காரர் மட்டும் மாவைப் பிசைந்து மூடி வைத்துவிட்டு, “மாவு உப்பணும் கேப்டன், அதை அதட்ட முடியாது” என்கிறார். மாவு உப்புகிற அந்த ஒரு மணி நேரமும் அந்தப் பெண்மணி பேசிக்கொண்டே இருக்கிறார். பிறகு ரொட்டி வேகிறது, எல்லோரும் பிட்டுச் சாப்பிடுகிறார்கள், கதவு மூடுகிறது, கப்பல் கிளம்புகிறது. அவ்வளவுதான். அதை நீங்கள் சொன்ன அன்று ஒன்பது மணி அளவை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வருட நோட்டில் அந்த ஒரு கட்டம்தான் காலி.

மதில்மேல் ஐவரில் ஒருவர், டாக்ஸி ஓட்டுகிறவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது பல் டாக்டர் அம்மாள் நோட்டைத் திறந்தார்.

“எத்தனையாவது பகுதி சார் அது?”

“நம்பரெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லைங்க.”

“அந்தக் கப்பல்ல சமையலறையே கிடையாதே. இருபத்திரண்டு வருஷமா அவங்க மாத்திரைதானே முழுங்குறாங்க. சமையல்காரர் எங்கேர்ந்து வந்தார்?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா மச்சான்? இதை எழுதவே கை கூசுகிறது. “அவர் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் டூட்டிக்கு வருவார்” என்றேன். ஏனென்றால் பத்தொன்பது வருடமாக நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்! நான் பார்க்கிற வாரமெல்லாம் மாத்திரை, நீங்கள் சொல்கிற வாரமெல்லாம் ரொட்டி. ஷிப்ட் என்றால் அப்படித்தானே இருக்கும், எங்கள் கேன்டீன்காரரும் அப்படித்தானே வருகிறார் என்று இருந்துவிட்டேன். நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு விழுந்தது நான்கு ஓட்டு. அதில் ஒன்று என்னுடையது.

இறங்கி வரும்போது அந்தம்மாள் படிக்கட்டில் நிறுத்தி, “சார், ஒண்ணே ஒண்ணு. கதவு மூடினப்ப அந்தச் சமையல்காரர் உள்ள இருந்தாரா, வெளிய இருந்தாரா?” என்று கேட்டார். இல்லாத கதைக்கு முடிவு ஒரு கேடு! விறுவிறுவென்று இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்ததும் உங்கள் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். நீங்கள் கடையில் இருந்தீர்கள். அக்காதான் எடுத்தார்கள். மச்சான் நெடுவெளியை முழுசாகப் பார்ப்பாரா என்று கேட்டேன்.

“அவரா? விடிகாலை மூணு மணிக்கு அடுப்பு மூட்டப் போற மனுஷன். பாட்டு முடியறதுக்குள்ள குறட்டை விட்டுடுவாரு.”

“அப்ப எனக்கு ஃபோன்ல சொல்றது?”

“எட்டரைக்கு நான்தான் எழுப்பி விடுவேன். ‘மாப்பிள்ளை தனியா உக்காந்திருப்பாரு’ன்னு எழுந்து, முகத்தைக் கழுவிட்டு, கொஞ்ச நேரம் கூடத்துல நடப்பாரு. அப்புறம்தான் ஃபோனை எடுப்பாரு.”

நடப்பாராம்! என்னை ஏமாற்றுவதற்கு ஒரு நடை வேறு. எனக்கும்தான் புத்தி எங்கே போயிற்று? உலகத்தில் எந்தச் சண்டையையாவது யாராவது ரொட்டியால் தீர்த்தது உண்டா? பேக்கரிக்காரர் சொல்கிற கதையில் மட்டும்தானே எரிகல் விழுந்தாலும் முதலில் அடுப்பு அணைந்துவிட்டதா என்று பார்ப்பார்கள்? பத்தொன்பது வருடத்தில் நான் கண்ணால் பார்க்காத ஒரு அளவை நோட்டில் எழுதியது கிடையாது மச்சான். நீங்கள் பாதித் தொடரையே பார்க்காமல் எழுதிவிட்டீர்கள். என் கட்சி போயிற்று, பெயர் போயிற்று. எல்லாவற்றையும்விட, அந்த விளக்குக்காரப் பெண்மணி இல்லவே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவருக்காக நான் எவ்வளவு வருத்தப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியுமா?

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். இனி வியாழக்கிழமை பம்ப் அறைக்கு ஃபோன் செய்ய வேண்டாம். செய்தாலும் எடுக்க மாட்டேன். மோட்டார் சத்தம் எனக்குப் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறு வயது வாழட்டும். உங்களுக்கு என்று எழுத இந்த முறை ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
இருபத்தைந்து வருடமாக உங்களை நம்பிய மாப்பிள்ளை

பி.கு.: வருகிற வியாழன் எனக்கு மாலை ஷிப்ட். எட்டாம் பகுதி வருகிறது. தயவுசெய்து விழித்திருந்து அதைப் பார்த்துத் தொலைக்காதீர்கள். வழக்கம்போலப் படுத்துவிடுங்கள், அக்கா எழுப்புவார்கள், நன்றாக நடந்துவிட்டே ஃபோனை எடுங்கள். கதவு மூடினப்ப அந்த ஆள் உள்ள இருந்தாரா, வெளிய இருந்தாரா? மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாரத்தில் சொல்லி முடியாது என்றால் பத்து வாரம் ஆனாலும் பரவாயில்லை. ஒன்பது மணி அளவை எட்டரைக்கே உத்தேசமாக எழுதி வைத்துவிடுகிறேன்.