தியரி மட்டும் போதும்

“இன்னைக்கும் தியரி மட்டும் போதும் மாஸ்டர்” என்றார் மூன்றாம் மாடி பல் மருத்துவர். சொன்னதோடு நில்லாமல் பியானோவின் மூடியையும் அவரே பதமாகச் சாத்திவிட்டார்.

மாஸ்டர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். மாதக் கடைசிக்குள் அவர் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதிக் கொடுத்தாக வேண்டும். இருபது வருடம் நாயாய் அலைந்து கிடைத்த வாய்ப்பு. பாதிதான் முடிந்திருந்தது. அவருடைய இசை புது மாதிரியானது. பியானோவின் கட்டைகளை முழங்கையால் அழுத்தி, நடுநடுவே தகரத் தட்டைத் தரையில் போட்டுப் பார்த்தால்தான் எழுத வரும். அதற்கு நேரம் வேண்டுமே.

போன மாதம் வரை மருந்துக்குக்கூட ஒரு மாணவர் இல்லை. இப்போது அதே குடியிருப்பில் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் தியரி மட்டும் போதும். ஏன் என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

விரட்டிப் பார்த்தார். “தியரி முடிக்கவே ரெண்டு வருஷம் ஆகும், பரவாயில்லையா?”

மருத்துவரின் முகம் மலர்ந்தது. “ரெண்டு வருஷமா? நெஜமாவா மாஸ்டர்?”

மறுநாள் மருத்துவருடைய மச்சானும் வந்து சேர்ந்தார்.

“இனிமே காலையில ஆறு மணிக்குத்தான் வகுப்பு” என்று மாஸ்டர் அறிவித்துப் பார்த்தார். முதல் மாடியின் கைக்குழந்தைக்காரி கண் கலங்கிவிட்டாள்.

“ஆறு மணிக்கேவா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும் மாஸ்டர்.”

ஆறு மணி வகுப்பு கூடியதே தவிர, பழைய வகுப்பு ஒன்றும் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமையாவது மிஞ்சும் என்றிருந்தார். அன்று பார்த்து மனைவி காபியோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக, “ஏங்க, சுரம்னா என்னன்னு எனக்கும் சொல்லுங்களேன்” என்றாள். மாஸ்டர் உருகிப்போனார். சாயங்காலம் வரை சொன்னார். அவள் ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

அந்தச் சந்தோஷம் திங்கட்கிழமை வரைதான் தாங்கியது. எழுதும் தாளில் ஒரு வரிகூட நகர்ந்திருக்கவில்லை. இன்று வருகிற முதல் ஆளிடமே வகுப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டதாகச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று கதவைத் திறந்தார். மடித்த தாளோடு வாசல் காவலாளி நின்றிருந்தார்.

“உங்களுக்குமா தியரி?”

“எனக்கு எதுக்குங்க? இன்னைக்கு அஞ்சாம் நம்பர் வீட்டு முறை. அவங்க ஊர்ல இல்ல. அதான் என்னைப் போய் உக்காரச் சொன்னாங்க.”

“முறையா? என்ன முறை?”

காவலாளி தலையைச் சொறிந்தார். “பாடம் நடத்திட்டிருந்தா நீங்க வாசிக்க மாட்டீங்களாமே. குழந்தைங்க தூங்கணும், பெரியவங்களுக்குத் தலைவலி வரக்கூடாதுன்னு கூட்டம் போட்டு ஆளுக்கொரு மணி நேரமாப் பிரிச்சுக்கிட்டாங்க.”

மாஸ்டர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். கட்டம் கட்டமாக, காலை ஆறிலிருந்து ஒரு நிமிடம்கூட இடைவெளி இல்லை. இத்தனை ஒழுங்கை அவர் எந்த இசைத்தாளிலும் பார்த்ததில்லை. கோபத்தையும் மீறி ஆர்வம் தலைதூக்கியது.

“இவ்வளவு கச்சிதமா யாரு இதைப் போட்டது?”

“உங்க வீட்டம்மாதாங்க. ஞாயித்துக்கிழமையை அவங்களே கேட்டு வாங்கிக்கிட்டாங்க.”