எட்டாம் மாதத்துப் பயிற்சியாளர்

கைபேசியில் ஏழு வீடியோ பார்த்ததும், தாமே எட்டு மாதம் சுமந்தவர்போலப் பேசத் தொடங்கிவிடும் ஆண்பிள்ளைகள் என்று ஓர் இனம் நம் மலைப்பக்கத்தில் பெருகி வருகிறது. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மனைவியின் கிளினிக் அட்டையால் தமக்கு விசிறிக்கொண்டு, வரிசையில் நிற்கும் அடுத்தவர் மனைவிக்கும் சேர்த்துப் புத்தி சொல்வார்கள். இலவசம்தான்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயமொன்றில் வசிக்கும் தினேஸ் இந்த இனத்தில் முதல்தரம். பதுளை டவுனில் போன் கடையில் வேலை. ஆகவே உலக ஞானமெல்லாம் சட்டைப் பையிலேயே இருந்தது. மனைவி விஜயலெட்சுமிக்கு எட்டாம் மாதம் பிறந்ததும் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினார். காலையில் முப்பது முறை உட்கார்ந்து எழும்புதல், மாலையில் அரைமணி நேர வேகநடை. வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் கதிரையைப் போட்டுக்கொண்டு, பிளேன்டீயும் கையுமாக எண்ணுவது அவர் பங்கு. எண்ணுவது என்ன லேசான வேலையா?

விஜயலெட்சுமி கொழுந்து பறிக்கப் போவதைத்தான் நிறுத்தியிருந்தாள். விடிந்ததும் மலைத்தண்ணீர் விழும் பீலிக்கு இறங்கி, பத்து லீட்டர் கேனில் தண்ணீர் பிடித்து, நாற்பத்து மூன்று படி ஏறி, திரும்ப இறங்கி, இப்படி மூன்று நடை போன பிறகுதான் அவளுக்கு அட்டவணை.

"ஏங்க, தண்ணி தூக்குனதே போதுங்க. இடுப்பு விட்டுப் போகுது."

"அது வேலை, விஜி. இது எக்ஸசைஸ். ரெண்டையும் போட்டுக் கொழப்பக் கூடாது."

கவனித்தீர்களா? அவள் வியர்த்தால் வேலை. அவர் எண்ணினால் எக்ஸசைஸ்.

ஒரு நாள் காலை, பாதிப்படியில் கேனோடு நிற்கையில் அவள் அடிவயிறு கல்லாக இறுகியது. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோனாள். அன்றைக்கே கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே மிட்வைப் ஸகீனா வாய் திறக்குமுன் தினேஸ் திறந்துவிட்டார்.

"மிஸ், நான் டெய்லி முப்பது..."

"நீங்களா மாசமா இருக்கீங்க? அவங்க சொல்லட்டும்."

பரிசோதித்ததில் பிள்ளை நன்றாக இருந்தது. விஜயலெட்சுமிக்கு அழுகையே வந்துவிட்டது. படிக்கணக்கை எல்லாம் கேட்டபின் ஸகீனா சொன்னார்: "பாரம் தூக்கிப் படி ஏறுறத இன்னைக்கோட நிப்பாட்டுங்க. அந்த முப்பதும் வேணாம். சமதரையில மெதுவா நடந்தா போதும். நடக்கிறப்ப பேச முடியணும். பேச முடியலைன்னா ஒக்காந்துறணும். திரும்ப இறுகினா ஒடனே வாங்க."

வாசலுக்கு வந்ததும் தினேஸ், "பாத்தியா, நான் சொன்னதத்தான் மிஸ்ஸும் சொன்னாங்க" என்றார். இந்த இனத்தின் தேசியகீதமே அதுதான்.

மறுநாள் காலை பிளேன்டீயோடு வந்தவரின் கதிரையில் கேன் உட்கார்ந்திருந்தது.

"நான் ரோட்டுல நடக்கிறேன். நீங்க படியேறுங்க. எண்ணுறதுக்கு நான் இருக்கேன்" என்றாள் விஜயலெட்சுமி.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மூச்சை எப்படி இழுத்து எப்படி விடவேண்டும் என்று விளக்கிக்கொண்டேதான் தினேஸ் பீலியில் நிரப்பிய கேனோடு ஏறத் தொடங்கினார். பத்தாம் படியில் விளக்கம் சுருங்கியது. இருபதாம் படியில் நின்றே போயிற்று. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவர் வாயடைத்து நின்றதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

மேலே நின்று கேட்டாள்: "ஏங்க, பேச முடியுதா?"

முடியவில்லை என்று தலையாட்டினார்.

"அப்ப ஒக்காந்துறணும். மிஸ் சொன்னாங்கல்ல."

உட்கார்ந்தார்.

"அவசரமில்ல. இன்னும் ரெண்டு நடைதான் இருக்கு."

சொல்லிவிட்டு அவள் சமதரை ரோட்டில் மெதுவாக நடந்தாள். வயிற்றுப் பிள்ளையோடு பேசிக்கொண்டே நடந்தாள். மூச்சு வாங்கவில்லை; மனம் நிறைந்திருந்தது.

சிரிக்கிறீர்களா ஐயா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே, இந்த நேரத்தில் உங்கள் வீட்டில் தண்ணீர் தூக்குவது யார் என்று எட்டிப் பாருங்கள். எழும்பித்தான் பார்க்க வேண்டும். கதிரையில் இருந்தபடி பார்த்தால் தெரியாது.