எல்லாருக்கும் இன்றைக்கு நான்தான் டாக்டர்

மரியாதைக்கும் அதைவிட அதிகமாக அன்புக்கும் உரிய அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சௌக்கியம். பித்தப்பையில் கல்லோடு படுத்திருக்கிறவளிடம் நலமறிய ஆவல் என்று எழுதினால் குசும்பாகப் படும் என்பதால் அந்த வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை உனக்கு ஆபரேஷன். "என் தம்பி வந்து நின்னாத்தான் மயக்க மருந்துக்குக் கையை நீட்டுவேன்" என்று நீ சர்ஜனிடமே சொல்லிவிட்டதாக அத்தான் போனில் சொன்னார். அக்கா, என்னால் வர முடியாது. போனில் சொன்னால் நீ மூக்கை உறிஞ்சுவாய், நானும் உடனே வருகிறேன் என்று சொல்லித் தொலைப்பேன். அதனால்தான் கூரியரில் கடிதம். காரணத்தை முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

எங்கள் பகுதியில் நாங்கள் நான்கு குடும்ப டாக்டர்கள். தும்மினாலும் ஊசி போடுகிறவர் ஊசி டாக்டர். செங்குத்தான படிக்கட்டுக்கு மேலே கிளினிக் வைத்திருக்கும் அம்மா மாடி டாக்டர். ஏறி வந்து சேர்ந்தவர்களுக்கு மூட்டு வலியே இல்லை என்று அவர் பரிசோதிக்காமலே சொல்லிவிடுவார். மூன்றாமவர் மௌன டாக்டர், வாயைத் திறந்தால் தெர்மாமீட்டர் விழுந்துவிடும் என்பதுபோல் இருப்பார். நான் பொறுங்க டாக்டர். 'ரெண்டு நாள் பொறுங்க, தானா சரியாயிடும்' என்று சொல்லிச் சொல்லியே வாங்கிய பட்டம். கிளினிக்கைப் பூட்டிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நாலு வீட்டிலும் போன் அடித்துக்கொண்டே இருக்கும், நாலு பேரும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிக்கொண்டே இருப்போம். இதற்கு ஒரு வழி பண்ணலாம் என்று மாடி டாக்டரின் கிளினிக்கில் கூடினார்கள். யார் டாக்டர் நாற்காலியில் உட்காருவது என்று தகராறு வரக்கூடாதென்று எல்லோரும் நோயாளிகளின் பெஞ்சில் உட்கார்ந்தார்களாம். அந்தப் பெஞ்சு எவ்வளவு ஆடும் என்று மாடி டாக்டருக்கே அன்றைக்குத்தான் தெரிந்ததாம். நான் ஒரு காய்ச்சல்காரரைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முறை போட்டு ஒருவர் மட்டும் எல்லோருடைய நோயாளிகளையும் பார்ப்பது, மற்ற மூவரும் தங்கள் போனை அவருக்குத் திருப்பிவிட்டு மனிதர்களைப் போல வீட்டில் இருப்பது. ஏற்பாட்டுக்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டேன். மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கூட்டத்துக்கு வராதவன் தலையில் வேலையைக் கட்டுவது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

முதல் ஞாயிற்றுக்கிழமை என் முறை. முதல் போன் ஒரு அம்மா. "நீங்க எங்க டாக்டர் குரல் மாதிரி இல்லையே?" "இல்லம்மா, எல்லாருக்கும் இன்னிக்கு நான்தான் டாக்டர்." "அப்ப பரவாயில்லைங்க, காய்ச்சலை நாளைக்கே காட்டிக்கிறோம்." இதாவது தேவலை. ஊசி டாக்டரின் நோயாளி ஒருவர் வீட்டுக்கே கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன், சாதாரண சளி, ரெண்டு நாள் பொறுங்க என்றேன். "அப்ப ஊசி?" என்றார். வேண்டாம் என்றேன். "சும்மா ஒண்ணு போட்டு வைங்க சார், நாளைக்கு எங்க டாக்டர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" அவர் சம்சாரம் வேறு வெந்நீர் வைத்து, பஞ்சை எடுத்து வைத்துக் காத்திருந்தது. ஊசி போடாமல் கிளம்பினபோது ஏதோ சாப்பிடாமல் போகிற விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் மௌன டாக்டரின் நோயாளி, ஒரு சின்னக் குழந்தை, மூச்சு இழுத்து உதடு நீலமாகிக் கிடந்தது. நான் போய் மருந்து கொடுத்து, கூடவே உட்கார்ந்து, அது மூச்சு சீராகி அழ ஆரம்பித்த பிறகுதான் எழுந்தேன். மௌன டாக்டர் அன்றைக்கு வெளியூரில், இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அந்தத் தாய் பூட்டிய கிளினிக் வாசலில் குழந்தையோடு நின்றிருப்பாள். அதனால்தான் அக்கா, இதை நான் விடமாட்டேன் என்கிறேன்.

போன ஞாயிறு மறுபடி என் முறை வந்தது. மத்தியானம் ஒரு போன், துணியால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி குரல். "டாக்டர், வலி முதல்ல தொப்புளைச் சுத்தி இருந்தது, இப்ப வலது பக்கம் கீழ இறங்கியிருக்கு. பசி இல்லை. அழுத்தும்போதைவிடக் கையைப் பட்டுன்னு எடுக்கும்போதுதான் வலி ஜாஸ்தி." எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு குடல்வால் நோயாளிகூட இப்படிச் சொன்னதில்லை. 'வயிறு ஒரு மாதிரி இருக்கு' என்பார்கள், எந்த மாதிரி என்று கேட்டால் 'அதான் சொன்னேனே' என்பார்கள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. விலாசம் கேட்டேன். அவர் கொஞ்சம் தடுமாறி ஒரு விலாசம் சொன்னார். அசையாமல் படுங்க, பச்சைத் தண்ணிகூடக் குடிக்காதீங்க என்று சொல்லி ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டேன்.

அது ஊசி டாக்டரின் வீடு, அவர் கிளினிக்கைத் தவிர வீட்டுப் பக்கம் நான் போனதே இல்லை. நான் அவர் நோயாளிகளை ஒழுங்காகப் பார்க்கிறேனா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார் மனுஷன். நோயில் பொய் சொல்லத் தெரிந்தவருக்கு விலாசத்தில் பொய் சொல்ல வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் அவர் மனைவி, "யாருக்கு வயித்து வலி? இவருக்கா? இப்பத்தானே மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாரு?" என்று கேட்டிருக்கிறார். இவர் "நான் டாக்டர்ப்பா, நான் டாக்டர்" என்றிருக்கிறார். ஆம்புலன்ஸ்காரர், "இருக்கட்டும் சார், எல்லாரும் ஏதோ ஒரு வேலை பாக்கறவங்கதான், படுங்க" என்றாராம். இன்னொரு டாக்டரை வேவு பார்க்கப் போன் பண்ணினேன் என்று பெண்டாட்டி முன்னால், எதிர்வீட்டுக்காரர்கள் முன்னால் ஒப்புக்கொள்வதைவிட ஸ்ட்ரெச்சரில் படுப்பது மேல் என்று படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார்கள், ஊசியும் போட்டார்களாம். வலித்தது என்று சொன்னதாகக் கேள்வி.

விசாரித்தால் ஒருவரும் யோக்கியமில்லை. மாடி டாக்டர் கைக்குழந்தைக்கு இருமல் என்று போன் பண்ணியிருக்கிறார். அவர் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள். மௌன டாக்டரும் பண்ணியிருக்கிறார், ஆனால் பேசவில்லை. நான் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன், அவர் கணக்கில் நான் ஃபெயில். தன் நோயாளியை இன்னொருத்தர் தொடுவதை எங்களில் யாராலும் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்த ஞாயிறு ஊசி டாக்டரின் முறை. "இந்த ஆட்டத்துக்கே நான் வரலை" என்று போனை வைத்துவிட்டார். அவர் விலகினால் நானும் விலகுவேன் என்று மாடி டாக்டர். மௌன டாக்டர் தலையை ஆட்டினார், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஞாயிறும் திங்கள் காலை கிளினிக் திறக்கும் வரையும் நான் போன் பக்கத்தில் உட்காராவிட்டால் எல்லாம் கலைந்துவிடும்.

ஆகவே அக்கா, நீ என்னை எதிர்பார்க்காதே. நீயும் அந்த 'எங்க டாக்டர்' கூட்டத்தில் சேராதே. ஒரு டாக்டருக்குப் பதில் இன்னொரு டாக்டர் வரலாம், அதில் ஒரு குறையும் இல்லை. உன் சர்ஜன் கெட்டிக்காரர், நான் விசாரித்துவிட்டேன். நான் அங்கே வந்து செய்யப்போவது ஒன்றுமில்லை, உள்ளேகூட விடமாட்டார்கள். சமர்த்தாகக் கையை நீட்டு. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. அடுத்த மாதம் கட்டாயம் வந்து பார்க்கிறேன்.

உன் கால் தொட்டு வணங்கும்,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உன் தம்பி பெண்டாட்டி கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்த கையோடு ஊசி டாக்டரின் மனைவிக்குப் போன் போட்டாள். "ஞாயித்துக்கிழமை முறைக்கு எங்க வீட்டுக்காரரையே எடுத்துக்கோங்க, புண்ணியமாப் போகும். போன் அடிக்காம வீட்டுக்குள்ள குறுக்கயும் நெடுக்கயும் நடந்து உயிரை வாங்குறாரு" என்று அந்த அம்மா கெஞ்சியிருக்கிறார். ஊசி டாக்டரே பார்த்துக்கொள்கிறாராம். அப்படியும் நான், அங்கே எனக்கு என்ன வேலை, டாக்டர்தான் இருக்காரே என்றேன். அதற்கு அவள், "வெட்ட டாக்டர் இருக்காரு, மயக்கம் குடுக்க டாக்டர் இருக்காரு. கதவுக்கு வெளிய உக்காந்து உங்க அக்காவுக்காகப் பயப்பட யாரை அனுப்பப் போறீங்க?" என்று கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை இறக்கினேன். சனிக்கிழமை பஸ்ஸில் ஏறுகிறோம். இந்தக் கடிதத்தை இனி கூரியரில் அனுப்பிப் பயனில்லை, நானே கொண்டுவந்து தருகிறேன், என் கண்ணெதிரே மட்டும் படிக்காதே.