சட்டைப் பை எந்தப் பக்கம்?

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் சுகம். அங்கு நீங்களும் என் தங்கையும் பிள்ளைகளும், குறிப்பாக உங்கள் வலது கண்ணும், சுகமாக இருக்க வேண்டும். பதினான்கு மாதமாகப் பேசாதவன் திடீரென்று கடிதம் போட்டால் ஏதாவது சாவுச் செய்தியோ என்று பயப்படுவீர்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. செத்தது என் வீறாப்பு மட்டும்தான்.

விஷயம் அந்தப் படம்தான். அப்பா தெருவில் நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, பின்னால் வெளிப்பக்கம் படிக்கட்டு வைத்த மாடி வீடு, தெருக்கோடியில் இடது பக்கம் தண்ணீர்த் தொட்டி. அப்பா இறந்துபோனபோது தங்கைக்கு இரண்டு வயது, எனக்கு எட்டு. அவளுக்கு அப்பா என்று இருப்பதே இந்த ஒரு படம்தான். "அண்ணா, அப்பா நின்ன இடத்துல நானும் ஒரு தடவை நிக்கணும். அது எந்தத் தெரு?" என்று அவள் கேட்டபோது, முப்பத்தோரு வருடம் இந்த ஊரில் வீடு வீடாகத் தபால் கொடுத்தவனாயிற்றே நான், கண்ணாடியைக்கூடப் போடாமல் "முதல் தெரு" என்று சொல்லிவிட்டேன். தொட்டிக்கு இரண்டு பக்கமும் இரண்டு தெரு, வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. தொட்டி இடது கைப்பக்கம் தெரிந்தால் முதல் தெரு, வலது கைப்பக்கம் தெரிந்தால் இரண்டாம் தெரு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு நினைப்பு. மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இப்போது குழாய்க் கடை. அவள் வாசலில் நின்று அழ, கடைக்காரர் பதறிப்போய் ஸ்டூல் போட்டு, தண்ணீர் கொடுத்து, "எந்தக் குழாய்மா உடைஞ்சுது? மாத்திக் குடுத்துடறேன், அழாதீங்க" என்று சமாதானம் சொல்ல, நான் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் சாப்பிட்டோம். நீங்கள் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மச்சான், இது ரெண்டாம் தெரு மாதிரி இருக்கே. இந்தப் படிக்கட்டுக்கு அடியிலதான் கரண்ட் மீட்டர். இருபது வருஷம் குனிஞ்சு குனிஞ்சு ரீடிங் எடுத்திருக்கேன்" என்றீர்கள். தன்மையாகத்தான் சொன்னீர்கள். நான்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, "மீட்டர் பாக்கறவருக்குத் தெரு எங்க தெரியும்? முதல்ல கண்ணை ஆபரேஷன் பண்ணிட்டு வந்து படத்தைப் பாருங்க" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். இரண்டே மாதத்தில் உங்களுக்கு நிஜமாகவே வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன். நான் வரவில்லை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? வந்தேன், மாப்பிள்ளை. பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தேன். என் வாய் பலித்ததா என்று பார்க்க வந்ததாக நினைத்துவிடுவீர்களோ என்று கூச்சம், கால் உள்ளே போகவில்லை. பழத்தை வாசல் காவலாளியிடம் கொடுத்தேன். உங்களிடம் சேர்க்கச் சொல்லவும் நாக்கு எழவில்லை. அவர் என்னை மனதார வாழ்த்திவிட்டு, என் கண்ணெதிரிலேயே ஒன்றை உரித்துச் சாப்பிட்டார்.

நேற்று என் இடுப்பில் நிற்க மறுக்கும் பேண்ட்டைப் பிடித்துத் தைக்கக் கொடுக்கத் தையற்கடைக்குப் போனேன். போனோமா வந்தோமா என்று இல்லாமல் படத்தை எடுத்து நீட்டி, "எந்தத் தெருன்னு சொல்லுங்க பாப்போம்" என்றேன். டெய்லர் தெருவைப் பார்க்கவே இல்லை. "என்ன சார், சட்டைப் பை வலது பக்கம் இருக்கு? எந்த டெய்லராவது இப்படித் தைப்பானா? ஸ்டுடியோக்காரன் பிலிமைப் புரட்டிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கான்" என்று சொல்லி, படத்தைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தார். பை அப்பாவின் இடது மார்புக்கு வந்தது. தெருக்கோடித் தொட்டி என் வலது கைப்பக்கம் போயிற்று. நான் அங்கிருந்த துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் சொன்னதுதான் சரி, மாப்பிள்ளை. பாதி விலாசம் எழுதிய கடிதத்தைக்கூட உரிய வீட்டில் சேர்த்தவன், கூடப் பிறந்தவளைத் தப்பான வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். அவளும் என் பேச்சை நம்பி மாதாமாதம் அங்கே போய் நின்றுவிட்டு வருகிறாளாம். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மூன்று பேரும் இரண்டாம் தெருவுக்குப் போவோம். நீங்கள் முன்னால் நடங்கள், நான் வாயைத் திறக்காமல் பின்னால் வருகிறேன். அந்த மீட்டரையும் காட்டுங்கள், குனிந்து பார்க்கிறேன்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உங்களுக்கு ஆசி சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை, வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: இதை உறையின் முதுகில் எழுதுகிறேன். ஒட்டிய உறையைப் பிரிப்பது முப்பத்தோரு வருடத்தில் நான் செய்யாத காரியம். என்னுடையதே ஆனாலும் கை வரவில்லை. வழியில் தபால்காரர் படிப்பார், படிக்கட்டும். நானும் படித்திருக்கிறேன். விலாசம் எழுதச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தபோதுதான் நினைவு வந்தது: அப்பாவுக்கு இடதுகைப் பழக்கம். பேனா எடுக்க வாகாக, வலது பக்கம் பை வைக்கச் சொல்லி ஒவ்வொரு சட்டைக்கும் டெய்லரோடு மல்லுக்கு நிற்பார். நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன். அதைத் தங்கைக்குச் சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம், நானே மறந்துபோனேன். இத்தனை மாதமும் படத்தில் தெருவைப் பார்த்தேனே தவிர அப்பாவைப் பார்க்கவில்லை. ஆகவே படம் நேராகத்தான் இருக்கிறது, அது முதல் தெருவேதான். உள்ளே தெருவைப் பற்றி எழுதியதை மட்டும் அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருவதை அடிக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டு உங்களைப் பார்க்காமல் திரும்பியது, எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் தப்புதான்.